விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொருந்தும் திரைப்பகிர்வு மென்பொருளை எப்படித் தேர்வு செய்வது?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். உங்களிடம் உபுண்டு லேப்டாப். கூட வேலை செய்கிற நால்வரில் இருவர் மேக்கிலும் இருவர் விண்டோஸிலும் இருக்கிறார்கள். ஊரில் அப்பாவிடம் ஒரு விண்டோஸ் கணினி, அம்மாவிடம் ஐபோன். எல்லோருடனும் திரையைப் பகிர்ந்துகொள்ள, முடிந்தால் காசு கொடுக்காமல், ஒரே மென்பொருள் வேண்டும் என்கிறீர்கள்.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ரஸ்ட்டெஸ்க் என்பேன். ஆனால் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் முதல் வாரத்திலேயே எங்காவது கறுப்புத் திரையில் மாட்டிக்கொள்வீர்கள். இந்த மென்பொருள்களை ஒப்பிடுகிற பெரும்பாலான பட்டியல்கள் "விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு" என்று நான்கு இடத்திலும் டிக் போட்டுவிடுகின்றன. அந்த டிக் பெரும்பாலும் பார்ப்பவர் பக்கத்தைத்தான் சொல்கிறது. அடுத்தவர் திரையைப் பார்ப்பது எந்த இயங்குதளத்திலும் சுலபம், வருகிற படத்தை விரித்துக் காட்டினால் முடிந்தது. தன் திரையைக் காட்டுவதும், தன் மவுஸையும் விசைப்பலகையையும் இன்னொருவரிடம் கொடுப்பதும்தான் சிக்கல். இயங்குதளத்தின் பாதுகாப்பு விதிகள் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அதனால் நீங்கள் எதில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை விட, யாருடைய திரை காட்டப்படுகிறது என்பதை வைத்துத் தேர்வு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால், எதற்காகப் பகிர்கிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னதில் மூன்று வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. கூட்டத்தில் நான்கு பேருக்கு ஒரு கோப்பைக் காட்டிப் பேசுவது ஒன்று. அப்பாவின் கணினியில் பிரிண்டர் வேலை செய்யாதபோது இங்கிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்வது இன்னொன்று. வெளியூரில் இருக்கும்போது உங்கள் வீட்டுக் கணினிக்குள், அங்கே ஆள் யாரும் இல்லாமலேயே, நுழைவது மூன்றாவது. மூன்றையும் ஒரே மென்பொருளில் செய்யலாம்தான். ஆனால் தனித்தனியாகச் செய்தால் மூன்றுமே எளிதாகிவிடும்.

முதல் வேலைக்கு எதையும் நிறுவவே வேண்டாம். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் திரையைப் பகிரும் வசதி உலாவிக்குள்ளேயே இருக்கிறது. வெப்ஆர்டிசி என்ற பொதுத் தரத்தின் மேல் இது நடக்கிறது. 2021-ல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. கூகுள் மீட், ஜிட்சி மீட் இரண்டுமே இப்படி உலாவியில் ஓடுபவை, இயங்குதளம் எது என்ற கேள்வியே அங்கே பெரும்பாலும் எழாது. ஜிட்சி கட்டற்ற மென்பொருள், வேண்டுமென்றால் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். அவர்களுடைய பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து, கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் ஏதாவது ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும், மற்றவர்கள் இணைப்பைத் தட்டி வந்துவிடலாம். மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம், ஜூமில் 40 நிமிடம் என்று வரம்பு உண்டு. ஐந்து பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுகிற வழக்கம் இருந்தால் ஜிட்சிதான் நிம்மதி.

உலாவி வழியில் இரண்டு குறைகள். ஒன்று, ஒலி. நீங்கள் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டும்போது அதன் சத்தமும் போக வேண்டும் என்றால், குரோம் அல்லது எட்ஜில் "முழுத் திரை" என்பதை விட்டுவிட்டு அந்த ஒரு டேபை மட்டும் பகிருங்கள், ஒலிக்கான பெட்டியையும் டிக் செய்யுங்கள். மூன்று இயங்குதளங்களிலும் நம்பகமாக வேலை செய்கிற வழி அதுதான். ஃபயர்பாக்ஸிலிருந்து பகிர்ந்தால் படம் மட்டும்தான் போகும். இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. உங்கள் கணினியில் மற்ற செயலிகளின் மேல் மவுஸை நகர்த்தவும் தட்டச்சு செய்யவும் ஒரு வலைப்பக்கத்துக்கு உரிமை கிடையாது, இருக்கவும் கூடாது. அதனால் இந்த வழியில் காட்டலாம், "அந்த மூலையில் இருக்கிற பட்டனை அழுத்துங்க" என்று வாயால் சொல்லலாம், கையால் அழுத்த முடியாது.

இனி இரண்டாவது வேலை. இங்கே ஒவ்வொரு இயங்குதளத்தின் குணத்தையும் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, எந்தச் செயலியும் திரையைப் படிக்க உரிமையாளர் தனியாக அனுமதி தர வேண்டும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் ஸ்கிரீன் ரெக்கார்டிங் என்பதில் ஒன்று, மவுஸை இயக்க அக்சசிபிலிட்டி என்பதில் இன்னொன்று, ஆக இரண்டு அனுமதி. கொடுத்த பிறகு செயலியை மூடித் திறக்க வேண்டும். இதைச் செய்யாத மேக்கைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்: எதிர்முனையில் வால்பேப்பரும் மேலே உள்ள மெனு பட்டையும் தெரியும், திறந்திருக்கும் சாளரம் ஒன்றுகூடத் தெரியாது. படம் தெரிகிறது, ஆனால் கிளிக் எதுவும் வேலை செய்யவில்லை என்றால் இரண்டாவது அனுமதி விட்டுப்போயிருக்கிறது. 2024-ல் வந்த செக்கோயாவில் ஆப்பிள் இதை இன்னும் இறுக்கியது. சில செயலிகளுக்குத் திரையைப் படிக்கும் அனுமதியை மாதம் ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும். ஆள் இல்லாத மேக் ஒன்றைத் தொலைவிலிருந்து இயக்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் இந்த மூன்றில் தாராளமானது. அனுமதி எதுவும் கேட்காமல் திரையைப் பகிரலாம். ஒரே ஒரு இடத்தில்தான் இடறும். ஏதாவது நிறுவும்போது திரை மங்கி, "இந்தச் செயலி மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா" என்று ஒரு பெட்டி வருமே, அது பாதுகாப்புக்காகத் தனி மேடையில் காட்டப்படுவது. பதிவிறக்கிய கோப்பை நிறுவாமல் அப்படியே இயக்குகிற முறையில் நீங்கள் உள்ளே போயிருந்தால், அந்த நேரத்தில் உங்களுக்குத் திரை உறையும் அல்லது கறுக்கும். அப்பா "ஆம்" என்பதை அழுத்திய பிறகுதான் திரும்பத் தெரியும். மென்பொருளை முறையாக நிறுவி, அது பின்னணிச் சேவையாக ஓடினால் அந்தப் பெட்டியும் உங்களுக்குத் தெரியும். அதனால் அப்பாவின் கணினியில் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே உட்கார்ந்து நிறுவிவிட்டு வருவது நல்லது.

லினக்ஸ்தான் உங்கள் கேள்வியின் மையம், நீங்கள் இருப்பதும் அதில்தான். பல ஆண்டுகளாக லினக்ஸ் திரையை எக்ஸ் 11 என்ற பழைய அமைப்பு வரைந்துகொண்டிருந்தது. அதில் ஓடுகிற எந்தச் செயலியும் மற்ற எல்லாச் செயலிகளின் சாளரங்களையும் படிக்கலாம், நீங்கள் அழுத்துகிற ஒவ்வொரு விசையையும் ஒட்டுக்கேட்கலாம். திரைப்பகிர்வு எழுதுபவர்களுக்கு அது மிக வசதி, பாதுகாப்புக்கு அது பெரிய ஓட்டை. 2008-ல் தொடங்கப்பட்ட வேலேண்ட் இதை மாற்றியது. ஒரு செயலிக்குத் தன் சாளரம் மட்டும்தான் தெரியும். திரையைப் படிக்க வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பிடம் முறைப்படி கேட்க வேண்டும், டெஸ்க்டாப் உங்களிடம் "எந்தத் திரையைப் பகிரட்டும்" என்று கேட்கும், நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகு பைப்வயர் என்ற வழியில் படம் போகும். ஃபெடோரா 2016-லும், உபுண்டு 21.04 பதிப்பிலும் வேலேண்டை இயல்பாக்கின. உபுண்டு 25.10-ல், அதன் டெஸ்க்டாப்பான க்னோமின் எக்ஸ் 11 அமர்வே எடுக்கப்பட்டுவிட்டது.

உங்களுக்கு இதன் விளைவு என்ன? பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் வேலேண்டில் கறுப்புத் திரையைக் காட்டின. எனிடெஸ்க் என்ற திரைப்பகிர்வு மென்பொருள் பல ஆண்டுகள் "இந்தத் திரை அமைப்புக்கு ஆதரவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். அந்தக் காலத்தில் மன்றங்களில் எல்லோரும் சொன்ன வழி, உள்நுழையும் திரையில் பல்சக்கரக் குறியை அழுத்தி எக்ஸ் 11 அமர்வுக்கு மாறுவது. 22.04, 24.04 பதிப்புகளில் இன்னும் அது முடியும். ஆனால் அதையே நம்பி ஒரு ஏற்பாட்டைக் கட்ட வேண்டாம், அந்தக் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. வேலேண்டிலேயே ஓடுகிற வழியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் உபுண்டுவில் நிறுவாமலேயே ஒன்று இருக்கிறது. க்னோம் 42-லிருந்து டெஸ்க்டாப்புக்குள்ளேயே, ஆர்டிபி என்ற தொலைத்திரை நெறிமுறையில் திரையைப் பகிரும் வசதி வந்துவிட்டது. 24.04-ல் அமைப்புகள், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போனால் இரண்டு தேர்வுகள் தெரியும்: இப்போது ஓடுகிற திரையைப் பகிர்வது ஒன்று, யாரும் உள்நுழையாதபோதும் தொலைவிலிருந்து உள்நுழைவது மற்றொன்று. விண்டோஸ்காரர் தன் கணினியில் ஏற்கனவே உள்ள ரிமோட் டெஸ்க்டாப் செயலியிலேயே உங்களிடம் வரலாம். மேக்காரர் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஆப் என்பதைப் போட்டுக்கொண்டால் போதும். முன்பு மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் என்று இருந்ததைத்தான் 2024-ல் இப்படிப் பெயர் மாற்றினார்கள். லினக்ஸ்காரருக்கு ரெமினா என்ற செயலி இருக்கிறது. எல்லோரும் ஒரே வலையமைப்பில் இருக்கிற அலுவலகத்துக்கு இதுவே போதும்.

இப்போது ரஸ்ட்டெஸ்க்குக்கு வருகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் காட்டவும் பார்க்கவும் முடிகிற, கட்டற்ற உரிமத்தில் வருகிற மென்பொருள்களில் சாதாரண மக்கள் கையில் கொடுக்கக்கூடியது இதுதான் என்பது என் கருத்து. திறந்தவுடன் ஓர் எண், ஒரு தற்காலிகக் கடவுச்சொல். இரண்டையும் தொலைபேசியில் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். பழக டீம்வியூவரைப் போலவே இருக்கும். வேலேண்டில் வேலை செய்கிறது, ஆனால் உங்கள் உபுண்டு திரையை யாராவது பார்க்க வரும்போது எந்தத் திரை என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி உங்கள் முன்னால் வரும். உள்நுழையும் திரையை வேலேண்டில் அது காட்டாது. ஆக உதவி பெற நல்லது. ஆள் இல்லாத உபுண்டுக்குள் நுழைய க்னோமின் சொந்த வசதிதான் மேல்.

ரஸ்ட்டெஸ்க்கை நான் முன்னால் வைப்பதற்கு முக்கியக் காரணம், இடைநிலை சர்வரை நீங்களே நடத்தலாம் என்பது. இந்த வகை மென்பொருள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு சர்வர் உண்டு. உங்கள் கணினியும் அப்பாவின் கணினியும் நேரடியாக ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாது. கைபேசி வலையமைப்புகளும் பல பிராட்பேண்ட் நிறுவனங்களும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட வீடுகளை வைத்திருக்கின்றன. நடு சர்வர் இருவரையும் அறிமுகப்படுத்தி, முடிந்தால் நேர்வழியில் விட்டுவிடும். முடியாவிட்டால் எல்லாப் படமும் அதன் வழியாகவே போகும். அந்த சர்வர் கண்டம் தாண்டி இருந்தால் மவுஸை நகர்த்திய பிறகு அது அசைவதற்குள் பொறுமை போய்விடும். இலவசப் பொது சர்வர்களில் இது அடிக்கடி நடக்கும். மும்பையிலோ சென்னையிலோ ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, ரஸ்ட்டெஸ்க்கின் இரண்டு சர்வர் நிரல்களையும் ஓடவிட்டு, 21115 முதல் 21117 வரை டிசிபி, 21116 யுடிபி ஆகிய வாசல்களை (போர்ட்டுகளை)த் திறந்துவிட்டால் அந்தத் தாமதம் பெரிதும் குறைந்துவிடும். இந்த வேலைக்கு மிகக் குறைந்த வாடகையில் கிடைக்கிற சர்வரே போதுமானது. சர்வர் உருவாக்கித் தருகிற பொதுச் சாவியை ஒவ்வொரு கணினியிலும் ஒட்ட மறக்காதீர்கள். சர்வர் நடத்தத் தெரிந்தவர் உங்கள் குழுவில் ஒருவராவது இருப்பார், உபுண்டு வைத்திருக்கிற நீங்களாகவே இருக்கலாம்.

அதெல்லாம் வேண்டாம், இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். கூகுள் கணக்கு இருந்தால் போதும். உதவி பெறுபவர் 12 இலக்க எண் ஒன்றை உருவாக்கிச் சொல்வார், அது ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். தொடர்ந்து பகிரலாமா என்று இடையிடையே அவரிடம் கேட்கவும் செய்யும். அப்பாவின் விண்டோஸுக்கும் மேக்குகளுக்கும் அருமையாகப் பொருந்தும். லினக்ஸில் மட்டும் இது வேறு மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் கண் முன்னால் இருக்கிற திரைக்குப் பதிலாக, பெரும்பாலும் தனியாக ஒரு புதிய அமர்வைத் திறந்து அதைக் காட்டும். நீங்கள் திறந்துவைத்திருக்கும் கோப்பு அதில் இருக்காது.

டீம்வியூவரும் எனிடெஸ்க்கும் தரமான மென்பொருள்கள்தான். இரண்டும் ஜெர்மனியில் பிறந்தவை, இரண்டும் சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஆனால் நீங்கள் ஐந்து பேர் வேலைக்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள். அது வணிகப் பயன்பாடு, உரிமம் வாங்கத்தான் வேண்டும். வாங்காமல் ஓட்டினால் மென்பொருளே சந்தேகப்பட்டு இணைப்பைத் துண்டிக்கும், அவசரமான நேரத்தில் அது நடப்பது நல்லதல்ல. பணம் கொடுக்கத் தயார் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, சான்றிதழ்களை எல்லாம் மாற்றியது. அதே ஆண்டு ஜூனில் டீம்வியூவரின் நிறுவன வலையமைப்பிலும் ஊடுருவல் நடந்தது, வாடிக்கையாளர் பக்கம் பாதிக்கப்படவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். பெரிய நிறுவனம் என்பதால் மட்டும் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

மூன்றாவது வேலை, சொந்தக் கணினிக்குள் ஆள் இல்லாமல் நுழைவது. இதற்குப் பழைய நெறிமுறைகள் இரண்டும் இன்னும் உறுதியாக நிற்கின்றன. ஆர்டிபி மைக்ரோசாஃப்டுடையது, விண்டோஸுக்குள் நுழைய அதைவிட வேகமானது அரிது. ஆனால் ஹோம் பதிப்பு விண்டோஸ் வேறு கணினிகளுக்குள் போகும், தனக்குள் யாரையும் விடாது. ப்ரோ பதிப்பு வேண்டும். நீங்கள் நுழைந்தவுடன் அங்கே இருக்கிற திரை பூட்டிக்கொள்ளும் என்பதால், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போன்ற வேலைக்கு இது ஆகாது. விஎன்சி 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. திரையின் புள்ளிகளை அப்படியே அனுப்புவதால் எந்த இயங்குதளத்துக்கும் பொருந்தும், மேக்கில் உள்ளேயே வருகிறது. அதன் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே பார்க்கும், போகிற படத்துக்கும் இயல்பாகக் குறியாக்கம் கிடையாது.

இதற்காகவே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆர்டிபியின் 3389, விஎன்சியின் 5900 ஆகிய வாசல்களை ரவுட்டரில் இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். இந்த எண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிற தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்க ஓடுகின்றன. 2019-ல் ப்ளூகீப் என்று ஒரு ஓட்டை ஆர்டிபியில் வெளிவந்தபோது, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ்களுக்குள் நுழைய முடியும் நிலை இருந்தது. டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை எல்லாக் கணினிகளிலும் போடுங்கள். வயர்கார்ட் முறையில் குறியாக்கம் செய்து, உங்கள் கணினிகள் எங்கிருந்தாலும் ஒரே வீட்டு வலையமைப்பில் இருப்பதாக ஆக்கிவிடும், தனிநபர்களுக்கு இலவசம். அதன் உள்ளே ஆர்டிபியோ விஎன்சியோ ஓடட்டும். வாசல் எதையும் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பொதுவாக ஒப்பீடுகளில் யாரும் எழுதாத விஷயம்: தமிழ். உங்கள் குழு தமிழில் தட்டச்சு செய்கிறது என்றால் இதைச் சோதிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். விசைப்பலகையைத் தொலைவுக்கு அனுப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. "எந்த இடத்தில் இருக்கிற விசை அழுத்தப்பட்டது" என்று அனுப்புவது ஒன்று. "எந்த எழுத்து உருவானது" என்று அனுப்புவது இன்னொன்று. முதல் வழியில் எதிர்முனைக் கணினியில் தமிழ்99 விசைப்பலகை போட்டிருக்க வேண்டும், உங்கள் பக்கத்தில் ஆங்கிலத்தில் வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தமிழில் வைத்தால் எழுத்துகள் குழம்பும். இரண்டாம் வழியில் உங்கள் கணினியிலேயே தமிழ் உருவாகி எழுத்தாகப் போகும். ரஸ்ட்டெஸ்க்கின் விசைப்பலகை மெனுவில் மேப், டிரான்ஸ்லேட் என்று இரண்டு முறைகள் இருப்பது இதற்காகத்தான். எனக்குப் பிடித்தது முதல் முறை. எதிர்முனையில் உள்ள தமிழ் உள்ளீட்டையே பயன்படுத்தினால், உயிர்மெய் உருவாகிற இடத்தில் எழுத்து விட்டுப்போவது குறைவு. மேக்கிலிருந்து விண்டோஸுக்குள் போகிறவர்கள் கன்ட்ரோல், கமாண்ட் விசைகளை இடம் மாற்றிக்கொள்ளும் தேர்வையும் அதே மெனுவில் பார்க்கலாம்.

நகலெடுத்து ஒட்டுவதும் இதே போல. விஎன்சி நெறிமுறையின் அடிப்படை விதிப்படி, கிளிப்போர்டில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டும்தான் போகும். ஒரு தமிழ் வாக்கியத்தை இங்கே நகலெடுத்து அங்கே ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். டைகர்விஎன்சி என்ற விஎன்சி மென்பொருளின் புதிய பதிப்புகள் யூனிகோடை முழுதாக அனுப்புகின்றன, ஆனால் இரண்டு முனையும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆர்டிபியிலும் ரஸ்ட்டெஸ்க்கிலும் இந்தத் தொல்லை இல்லை.

படத்தின் தரமும் தமிழுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு திரை சுருக்கப்படாமல் சுமார் 6 மெகாபைட். நொடிக்கு 30 என்றால் எந்த வீட்டு இணைப்பும் தாங்காது. அதனால் இப்போதைய பெரும்பாலான மென்பொருள்கள் சினிமாவுக்கான காணொளிச் சுருக்க முறைகளைப் பயன்படுத்துகின்றன. அந்த முறைகள் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிறத்தின் துல்லியத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்துவிடும். முகம் காட்டினால் வித்தியாசம் தெரியாது. வண்ண எழுத்துகளில் தெரியும், சின்ன அளவில் எழுதிய தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போகும். மெய்ப்பு பார்க்கிற வேலையில் "க்" என்பதும் "க" என்பதும் ஒன்றாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ரஸ்ட்டெஸ்க்கில் "உண்மை நிறம் 4:4:4" என்று பொருள்படும் தேர்வு ஒன்று உண்டு, நெட் நன்றாக இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் காட்டுபவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் கைகொடுக்கும்.

அப்பாவின் கணினி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தொலைவிலிருந்து உள்ளே போக உங்களுக்கு உதவுகிற அதே கருவிதான் ஏமாற்றுபவர்களுக்கும் கருவி. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க்கை நிறுவவைத்து யுபிஐ மூலம் பணத்தை எடுக்கிறார்கள் என்று பெயர் சொல்லி எச்சரித்தது. மென்பொருளில் தப்பில்லை, வேறு எந்தத் திரைப்பகிர்வு மென்பொருளிலும் அதே ஏமாற்று நடக்கும். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது அழைத்து அந்த எண்ணைக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று அப்பா, அம்மா இருவரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள். "நான் போன் பண்ணாம அந்த ஆப்பைத் திறக்காதீங்க" என்ற ஒரே விதி போதும், அது நினைவில் நிற்கும். ஆள் இல்லாமல் நுழைகிற நிரந்தரக் கடவுச்சொல்லை அவர்கள் கணினியில் வைக்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் அவர் ஒப்புக்கொண்ட பிறகே நீங்கள் உள்ளே போகும்படி அமைத்துவிடுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், அந்த எண் அவர்கள் கைபேசியில் இருக்கட்டும்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, யாருடைய திரை யாருக்குப் போகிறது என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். மேக் திரை உபுண்டுக்கு, உபுண்டு திரை மேக்குக்கு, விண்டோஸ் திரை இரண்டுக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ் வாக்கியத்தைத் தட்டச்சு செய்யுங்கள், ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டுங்கள், ஒரு கோப்பை அனுப்புங்கள், இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதற்குத் தாவிப் பாருங்கள். வீட்டு வைஃபையில் ஒருமுறை, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை. ஹாட்ஸ்பாட்டில் நன்றாக ஓடினால் ஊரிலும் ஓடும் என்று நம்பலாம்.

கடைசியாக அம்மாவின் ஐபோன். அதில் ரஸ்ட்டெஸ்க் உட்பட எந்த வெளிச் செயலியும் உங்கள் கையில் கட்டுப்பாட்டைத் தர முடியாது, ஆப்பிள் அதை அனுமதிப்பதில்லை. திரையைக் காட்ட மட்டும் முடியும். அதுவும் உலாவியிலிருந்து ஆகாது, மீட் அல்லது ஜூம் செயலியை அவர் நிறுவியிருக்க வேண்டும். காட்டும்போது வருகிற குறுஞ்செய்திகளும் உங்களுக்குத் தெரியும் என்பதால் முதலில் தொந்தரவு செய்யாதே என்பதைப் போடச் சொல்லுங்கள். உங்கள் தங்கையோ தம்பியோ ஐபோன் வைத்திருந்தால் இன்னொரு வழி உண்டு. இருவர் கைபேசியிலும் ஐஓஎஸ் 18 அல்லது அதற்குப் பின்னான பதிப்பு இருந்தால், ஃபேஸ்டைமில் திரையைப் பகிரும்போது கட்டுப்பாட்டையும் கேட்டு வாங்கலாம். உபுண்டுவிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது, மீட்டில் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே எங்கே தொட வேண்டும் என்று சொல்வதுதான். ஆண்ட்ராய்டு என்றால் நிலைமை வேறு. அங்கே அக்சசிபிலிட்டி அனுமதி கொடுத்தால் ரஸ்ட்டெஸ்க்கிலேயே தொடவும் தட்டவும் முடியும். ஆண்ட்ராய்டு 14-லிருந்து ஒவ்வொரு முறை திரையைப் பகிரும்போதும் கைபேசி ஒப்புதல் கேட்கும், வங்கிச் செயலிகளைத் திறந்தால் உங்கள் பக்கம் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும். அது கோளாறு இல்லை, வங்கி வேண்டுமென்றே மறைப்பது.